முன் போர்ஷன்

குழாயைத் தரையில் போட்ட துளைக்குள் இறக்கியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில். கால்கள் நீட்டியபடி.

வாசலுக்கு வெளியே ஹவுஸ் ஓனர் நின்றார்.

“மூணே நாள் வெளிய இருந்துட்டு வாம்மா. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன். தரைக்குக் கீழ வேலை நடக்குது. நீ மேல உக்காந்திருக்கே.”

அவள் முதுகைச் சுவரில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கழிப்பறை வெளியில் இருந்தது. அவ்வளவு தூரம்கூட வீட்டை விட்டுப் போகத் தயாராக இல்லை.

ஐப்பசி மழையில் வீட்டுக்கு அடியில் மண் கரைந்து போயிருந்தது. அறை நடுவில் நடந்தால் வெற்று டின்னைத் தட்டியதுபோல் கேட்டது. மண் கொட்டி இடித்து இறுக்கத் தரைக்கடி இடுக்குக்குள் ஆள் நுழைய முடியாது. சாதாரண கான்கிரீட் என்றால், அந்தக் கனத்துக்கே மிச்ச மண்ணும் இறங்கிவிடும்.

அதனால் நுரை கலந்த கான்கிரீட்.

அது தானாக ஓடும். மூலை முடுக்கெல்லாம் தானாக நிரம்பும். இடிக்க வேண்டாம், தட்ட வேண்டாம்.

காலையில் கம்பெனி இன்ஜினியர் அதன் காய்ந்த கட்டி ஒன்றை அவளுடைய பக்கெட் தண்ணீரில் போட்டுக் காட்டினான். கட்டி மிதந்தது. ஓனர் வாயைப் பிளந்தார்.

அவள் கட்டியைப் பார்க்கவில்லை. இன்ஜினியரைப் பார்த்தாள்.

“தம்பி, இத ஊத்தும்போது நான் உள்ள இருந்தா எதாச்சும் ஆகுமா?”

“அடுப்படிப் பக்கம் மண்ணு கெட்டியாத்தான் இருக்குக்கா. அங்க உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. உள்ள ஒரு ஆள் இருந்தா எங்களுக்கும் நல்லதுதான்.”

ஓனர் அவனை முறைத்தார்.

பின் போர்ஷனில் இதே வேலை முடிந்து பதினோரு நாள் ஆகிறது. அங்கே குடியிருந்த குளோரியிடமும் ஓனர் மூன்று நாள் என்றுதான் சொன்னார். அவள் ஒரு கையில் பாயும் மறு கையில் பிள்ளையுமாக அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கதவில் புதுப் பூட்டு. இன்னும் காயவில்லை என்றார். அப்புறம் அவள் போனை அவர் எடுக்கவேயில்லை. சட்டி பானையெல்லாம் உள்ளே.

தெருவில் இயந்திரம் உறுமியது.

குழாய் ஒரு முறை துள்ளி அடங்கியது.

தரைக்கடியில் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம்.

அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். சத்தம் நகர்ந்தது. பீரோவுக்கு அடியில் போனது. வாசல் வரைக்கும் போய், அவளை நோக்கித் திரும்பியது.

பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறாள். இந்தத் தரைக்காக இத்தனை பேர் கவலைப்பட்டு அவள் பார்த்ததில்லை.

எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டிருந்தார்கள். அதில் நுரை எட்டிப் பார்த்தால் அடியில் நிரம்பிவிட்டது என்று பொருள். உடனே குரல் கொடுக்க வேண்டும். பிந்தினால் தரை எழும்பும். சுவர் விரிசல் விடும்.

“அக்கா, வந்துச்சா?” தெருவிலிருந்து இன்ஜினியர்.

“இல்ல.”

கொஞ்சம் கழித்து மறுபடியும்.

“வந்துச்சாக்கா?”

“வரல தம்பி.”

மூன்றாவது முறை கேட்டவர் ஓனர். குரல் இறங்கியிருந்தது.

“ஏம்மா, நல்லாப் பாத்துச் சொல்லு. செவுரு கிவுரு போயிடப் போவுது.”

“உள்ள இருக்கச் சொல்றீங்களா, வெளிய போகச் சொல்றீங்களா சார்?”

இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

“நீ மொதல்ல அந்த ஓட்டையப் பாரும்மா.”

பார்த்தாள்.

சாம்பல் நிற நுரை மெல்ல ஏறியது. அவசரமில்லாமல் ஏறியது. விளிம்பைத் தொட்டது.

ஒரு மூச்சு விடும் நேரம்.

வாசலில் ஓனரின் கை நிலைக்காலை இறுகப் பிடித்திருந்தது.

“போதும்!”

இயந்திரம் நின்றது. அதுவரை தெருவில் இத்தனை காக்கைகள் கத்தியது யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

இன்ஜினியர் உள்ளே வந்து இரண்டு துளைகளையும் மரக்கட்டையால் அடைத்தான். குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தான்.

“அந்தப் பக்கம் மட்டும் நாளைக்குக் காலை வரைக்கும் மிதிக்காதீங்க. மத்தபடி இருக்கலாம்க்கா.”

“காயற வரைக்குமாவது...” என்று ஓனர் ஆரம்பித்தார்.

அவள் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தாள்.



பால் பொங்கியது. அவள் அடுப்பைக் குறைக்கவில்லை. நான்கு பக்கமும் வழிந்து, தீயில் பட்டுச் சீறி, மேடை வரை வந்த பிறகுதான் அணைத்தாள்.

சர்க்கரை போட்டு ஆற்றினாள். முதல் டம்ளர் இன்ஜினியருக்கு. அடுத்தவை இயந்திரக்காரர்களுக்கு, வாசலில் நின்றபடியே நீட்டினாள்.

கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டாள்.

“பால் காய்ச்சியிருக்கேன். வாசல்லயே நிக்கிறீங்களே சார், உள்ள வாங்க.”

தெருவில் ஆட்கள் குடித்துக்கொண்டே பார்த்தார்கள்.

ஓனர் அவளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

பிறகு, முதல் முறை வருகிறவரைப் போல, செருப்பை எங்கே விடுவது என்று தேடினார்.