இறங்காத கலப்பை

"சீட்டுக்கு அடியில அவ கை போனதை என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். சத்தியமா சொல்றேன், இது எங்க அக்கா வேலைதான்."

தம்பி மெக்கானிக்கிடம் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். அக்கா பத்தடி தள்ளி வரப்பில் நின்றிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே கத்திச் சொன்னான்.

டிராக்டருக்குப் பின்னால் ஒன்பது கொழுக் கலப்பை இடுப்பு உயரத்தில் தூக்கிய வாக்கில் நின்றது. லிவரைப் பின்னால் இழுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. முன்னால் தள்ளினால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்த..." என்று அக்கா வாயெடுத்தாள்.

"நீ பேசாத! காலையிலயே சொன்னேன்ல, வண்டி பக்கம் வராதேன்னு?" என்று தம்பி அடக்கினான்.

பெரியவர்கள் கூடி நிலத்தைத் தம்பிக்கென்று தீர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதில் அக்கா போட்டிருந்த தக்காளி இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது. பத்தே நாள் பொறு, ஒரு பறிப்பு பறித்துக்கொண்டு மகளோடு எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். முடியாது, இன்றைக்கே உழுவேன் என்று விடிந்ததும் விடியாததுமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கூடப் பிறந்தவளுக்கே நாள் கணக்குப் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது!

அது அப்பா காலத்து வண்டி. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நாலு வருஷம் அக்காதான் அதை ஓட்டினாள். தம்பி அப்போது சட்டை கசங்காத வேலையில் வெளியூரில் இருந்தான். இப்போது வண்டி அவனிடம் வந்துவிட்டது, அதன் நெளிவுசுளிவு மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

மெக்கானிக் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தார். "எண்ணெய் சரியாத்தான் இருக்கு. லிவர் கம்பியும் கழண்டுக்கல. காலையிலேருந்து வேற எதுலயாவது கை வச்சீங்களா?"

"ஒண்ணுமில்லையே. நடுக் கொழு லேசா ஆடிச்சு, போல்ட்டை முறுக்கினேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் முதுகில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி மனைவி மெல்லக் கேட்டாள். "ஏங்க, பத்து நாள்தானே? உங்க அக்கா முகத்தைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. விட்டுடுங்களேன்."

தம்பி தக்காளிச் செடிகளைப் பார்த்தான். பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்குள்ளும் ஏதோ இளகியிருக்க வேண்டும்.

"சரி, தொலையட்டும். வண்டி ரெடியானா முதல்ல மேட்டுப் பக்கம் உழுதுக்கறேன். இதைப் பத்து நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவு கெஞ்சியும் கிடைக்காதது, இப்போது தானாக வந்து கையில் விழுந்தது.

"அட, இதானா சங்கதி!" மெக்கானிக் சீட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "இங்க ஒரு திருகு இருக்கு பாருங்க. எண்ணெய் திரும்பி வர்ற வழியை அடைக்கிறது. இதை இறுக்கிட்டா, லிவரை எப்படித் தள்ளினாலும் கலப்பை கீழ வராது. யாரோ நல்லா முறுக்கி மூடி வச்சிருக்காங்க."

தம்பியின் முகம் சிவந்தது. "யாரோவா? அக்கா, நீ மூடினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"மூடினேன்தான்டா. ஆனா..."

"போதும்! உன்மேல இரக்கப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். தக்காளிக்காக அப்பா வண்டியையே கெடுக்கத் துணிஞ்சவ நீ. பத்து நாள் இல்ல, இனி பத்து நிமிஷம்கூடக் கிடையாது!"

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் திருகைத் திறந்தார். கலப்பை தடாலென்று விழுந்தது. ஒன்பது கொழுவும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கின. தம்பி மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

தம்பி ஒரே தாவாகத் தாவி ஏறினான். மனைவி தடுத்தும் கேட்கவில்லை. முதல் சாலிலேயே செடியும் காயும் பழமுமாகப் புரண்டு மண்ணுக்குள் போயின.

மெக்கானிக் வாய்க்காலில் கைகழுவிவிட்டு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பயிரைக் காப்பாத்தணும்னு மூடினீங்க, புரியுது. ஆனா என்னை மாதிரி ஒருத்தன் வந்தா அரை மணியில கண்டுபிடிச்சிடுவான்னு உங்களுக்கா தெரியாது?"

அக்கா வரப்பில் உருண்டு வந்த ஒரு பழத்தைக் குனிந்து எடுத்தாள். தூரத்தில், டிராக்டர்மேல் போய்க்கொண்டிருந்த தம்பியின் முதுகில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"பயிருக்காக மூடலண்ணே. நான் மூடறப்ப அவன் அந்தக் கலப்பைக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தான்."