அரை மணி நேரம் கூடச் சொன்னவன்

சிட்டிபாபுவின் புளுகை இன்றைக்கு உடைத்தே தீருவது என்றுதான் ராஜவேலு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்.

இருவருக்கும் ஒரே பட்டு ஜவுளிக் கடையில் வேலை. போன வருஷம் டெல்லி கண்காட்சிக்கு முதலாளி சிட்டிபாபுவை அனுப்பிவிட்டார். ராஜவேலுவுக்கு அந்த எரிச்சலே ஆறவில்லை. போனவன் சும்மா இருந்தானா? பிளேனில் பறந்தேன் என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

அந்த அளப்பைக் கேட்டுத்தான் மரியம்மாள் இப்போது ஒரே மகனை டெல்லிக்கு அனுப்புகிறாள். கடைக்குப் பட்டு நூல் இழைத்துத் தருகிறவள், புருஷன் இல்லாதவள். அங்கே சர்க்கார் உத்தியோகம் கிடைத்தும், "அம்மாவை விட்டுட்டு அவ்ளோ தூரம் போகமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்ற சாமுவேல், அவள் சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தான்.

சிட்டிபாபு பஸ் கூரைமேல் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ் டு டெல்லி ரெண்டரை மணி நேரம்மா. இப்போ ரயில்ல போறான். அவசரம்னு தந்தி குடு, பிளேன்ல வந்து நிப்பான்."

"அவ்ளோ கிட்டவா!" என்று சிரித்தாள் மரியம்மாள்.

சாமுவேல் வாழைப்பழம் வாங்க நகர்ந்ததும் ராஜவேலு அவள் பக்கத்தில் போனான்.

"அக்கா, அவன் பேச்சை நம்பிக்கினு பையனை அனுப்பாதே. அவன் போனதும் ரயில், வந்ததும் ரயில். ஆயிரத்து முந்நூறு மைல்க்கா. ரெண்டு ராத்திரி ஆவும். பிளேன் டிக்கெட்டு உன் பையன் சம்பளத்துல கட்டுமா? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."



"தெரியும்பா" என்றாள் மரியம்மாள்.

"தெரியுமா?"

"டெல்லியிலேர்ந்து அவரு எஞ்சின் கரி விழுந்து கண்ணெல்லாம் செவந்துபோய் வந்தாரு. கண்ணுல ஒத்திக்க நந்தியாவட்டைப் பூ பறிச்சுக்கினு போய்க் குடுத்ததே நான்தான். பிளேன்ல ஏதுப்பா கரி?"

"அப்புறம் எதுக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினே?"

"டெல்லி தூரம்னு நான் கலங்கினா என் பையன் பஸ்ஸு ஏறமாட்டான். நான் நம்பிட்டேன்னு அவன் நினைக்கணும், அதுக்குத்தான். எங்க ஊரு கூரத்துல அடுத்தவன் நிலத்துல நாத்து நட்டதெல்லாம் என்னோட போவட்டும் தம்பி."

இத்தனை நாள் அடக்கி வைத்தது அப்போதுதான் பொங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து சாமுவேல் திரும்பி வந்தான்.

"இன்னாண்ணே, அம்மா அழுவுறாங்க? இன்னா சொன்னீங்க?" அவன் முகம் மாறிவிட்டது. "சிட்டிபாபு அண்ணே, பெட்டியை இறக்குங்க. நான் போவலை."

கூரைமேல் சிட்டிபாபுவின் கை அப்படியே நின்றது. தன் சாயம் வெளுத்துவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது. ராஜவேலுவையே பார்த்தான்.

அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் சொந்தம் என்று ஒருத்தரும் இல்லாத ராஜவேலு, சாமுவேலின் தோளில் கை போட்டான்.

"இந்த சிட்டிபாபு அரை மணி நேரம் கூடச் சொல்றான்பா. டெல்லியிலேர்ந்து என் மச்சான் ரெண்டே மணி நேரத்துல வந்து இறங்கினான். அதைச் சொன்னேன், அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை."