கரிப்பானைச் சத்து

நர்ஸ் ஜெயசீலி ஊருக்கு இலவசமாக உமிக்கரி வடிகட்டிப் பானை வைத்த நாள் முதல் பஞ்சாயத்து பிரசிடெண்ட் கோட்டைச்சாமிக்கு நிம்மதி இல்லை. கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு என்று ஒரு விஷமாம். ஊரார் பல் காவியேறியதும், பிரசிடெண்டின் முழங்கால் மடங்காததும் அதனால்தானாம். பானையில் வடிகட்டிக் குடித்தால் போதுமாம்.

“சும்மா குடுக்காகன்னா உள்ளுக்க என்னமோ இருக்குலே,” என்று தலையாரி சங்கையாவிடம் சொன்னார்.

சங்கையா துப்புக் கொண்டுவந்தான். சனிக்கிழமைதோறும் நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய கரியைப் படிகாரத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுகிறாள். கரி மறுபடி பானைக்குப் போகிறது. அலசிய தண்ணீரை மட்டும் மூடி எடுத்துப்போகிறாள். “யாரும் தொடாதீக, குழியில ஊத்தணும்” என்கிறாள்.

“குழியிலயா? பொய்யிலே! சக்கை நமக்கு, சத்தைச் சிவகாசி மொதலாளிமாருக்கு விக்கா!” என்றார் பிரசிடெண்ட்.

அடுத்த வாரமே குழியில் ஊற்றும் வேலையைச் சங்கையா கேட்டு வாங்கிக்கொண்டான். குடம் நேரே பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனது. நாக்கைச் சுருட்டும் துவர்ப்பு. மருந்தென்றால் அப்படித்தான் என்று தினம் ஒரு செம்பு குடித்தார். மனைவிக்குக்கூடக் கொடுக்கவில்லை.

ஆறு மாதத்தில் ஊரார் வலி குறைந்து நடமாடினார்கள். பிரசிடெண்டை மட்டும் சங்கையா நர்ஸிடம் தாங்கிக்கொண்டு வந்தான்.

“பானைத் தண்ணி குடிக்கலையா, ஐயா?”

“சக்கையக் குடிக்க நான் என்ன கிறுக்கனா, நர்சம்மா? சனிக்கிழமைச் சத்தைல்லா குடிக்கேன்!”

ஜெயசீலி தலையில் கை வைத்தாள். “ஐயா, ஊருத் தண்ணியில இருந்து கரி வாரம் பூரா புடிச்சுவச்ச வெசத்தைக் கழுவி எடுக்கிற தண்ணில்லா அது!”

பிரசிடெண்ட் வாசலைப் பார்த்தார். பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“சங்கையா, கதவைச் சாத்துலே.”