வில்லெமீனின் எடை

வில்லெமீன் ஏறியதும் தராசுத் தட்டு தொப்பென்று மேடையில் உட்கார்ந்தது.

அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கடை கேக் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பிறந்தநாளும் நடக்காது. பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்?

நாடகத்தில் அவள்மேல் சூனியக்காரி என்று பழி. நான் நீதிபதி. எடை போடுகிறவர் பார்தோல்ட், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். நாடகத்தை எழுதியவரும் அவரே.

சூனியக்காரி என்றால் துடைப்பத்தில் பறக்க வேண்டும். பறக்க வேண்டுமென்றால் லேசாக இருக்க வேண்டும். நூறு பவுண்டுக்குக் கீழே போனால் நெருப்பு.

அக்கம்பக்கத்து ஊர்களில் கண்ணை மூடிக்கொண்டு எரித்த காலத்திலும், எங்கள் ஊர்த் தராசில் ஏறிய ஒருத்திகூட எரிந்ததில்லை. ஹாலந்து முழுக்க எங்களுக்கென்று இருக்கும் ஒரே பெருமை அது. அதற்காகத்தான் இந்த விழா, இந்த நாடகம், முன்வரிசையில் மேயர்.

சரித்திரத்தில் ஒரு நூல் பிசகினாலும் பார்தோல்ட் விடமாட்டார். அந்தக் காலத்தில் ஏது உருளைக்கிழங்கு என்று, ஒத்திகையில் நாடகத்துக்கென்று வைத்த சூப்புக்குள் கைவிட்டுப் பொறுக்கி எடுத்தார். பல் மருத்துவனான என் பல்லிலேயே கறுப்பு பூசினார். கடைசியில் அசல் தராசு, அசல் எடைக்கற்கள், வந்த எடையை ஊர் கேட்கச் சொல்வது என்று முடிவு செய்தார்.

அதைக் கேட்டதும் வில்லெமீன் கோபத்தில் குதித்தாள்.

"என் வயசைச் சொல்லுங்க, என் புருஷன் ஓடிப்போன கதையைச் சொல்லுங்க. எடையை மட்டும் சொன்னீங்க, நடக்குறதே வேற வாத்தியாரே!"

அவர் மசியவில்லை. அவளுக்கும் மேடையை விட மனம் வரவில்லை.

இப்போது பார்தோல்ட் இரும்புக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். தட்டு அசையவில்லை. அருகில் இருந்த கற்கள் தீர்ந்து, திரைக்குப் பின்னால் போய் இன்னும் தூக்கி வந்தார்.

மெல்லிய சட்டையோடு, வெறுங்காலில் நின்ற வில்லெமீனுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. அது நடிப்பில்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக முள் நேரானது. பார்தோல்ட் கற்களைக் கூட்டினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷர் முகம் அப்படி இளகி நான் பார்த்ததே இல்லை.

"தொண்ணூறு பவுண்டு!" என்று கத்தினார்.

அரங்கத்தில் யாருக்கும் கண் தெரியாமல் இல்லையே. மேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சொன்ன பிறகுதான் பார்தோல்டுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

விட்டிருக்கலாம்தான். ஆனால் நூறுக்குக் கீழே வந்தால் நீதிபதி விடவே கூடாது, அதுதான் சட்டம் என்று மூன்று மாதம் என் உயிரை வாங்கியவர் அவர்தானே?

"இவள் சூனியக்காரியே! எரியுங்கள்!" என்றேன். எங்கள் ஊரில் அந்தத் தீர்ப்பு கேட்டது அதுதான் முதல் தடவை.

காவலர் வேஷக்காரர்கள் இருவரும் திகைத்துப்போய் அவள் கையைப் பிடித்தார்கள். வில்லெமீன் உதறினாள். முகமெல்லாம் பூரிப்பாக வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"இருங்கப்பா, எரியலாம். வாத்தியாரே, முதல்ல அந்தத் தொண்ணூறை எழுதி முத்திரை போட்டுக் குடுங்க."