அடித்தாள்

அச்சு மெஷினின் ரப்பர் விரிப்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மடிந்த தாள் ஒன்று உள்ளே போய் நசுக்கிய இடம்.

சனிக்கிழமைப் பராமரிப்பில் உருளைகளைக் கழுவி, எண்ணெய் விட்டு முடித்த பிறகுதான் அது மெஷின்காரர் கண்ணில் பட்டது. எழுத்து முதலில் அந்த ரப்பரில் விழும், பிறகுதான் காகிதத்துக்குப் போகும். பள்ளத்தோடு ஓட்ட முடியாது.

"அலமாரில புதுசு ஒண்ணு இருக்கு, மாத்திடு" என்றார் முதலாளி. "பிடிக்க ஆள் வேணும்னா உன் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக்க."

"வேணாம் சார். நானே பாத்துக்கிறேன்."

"ரொம்பப் பிகு பண்ணாதய்யா. போன மாசம் நீ காய்ச்சல்ல கவுந்து கிடந்தப்ப ரெண்டு நாளும் அவங்கதான் மெஷினைப் பாத்தாங்க. உன்னைவிடச் சுத்தம்."

சிரித்துக்கொண்டே மாடியேறிப் போனார்.

துடைத்திருப்பாள். கழற்றியிருக்க மாட்டாள். மெஷின்காரர் இதையே ஒரு மாதமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தடி தள்ளி, வெட்டும் மெஷினில் அவர் மனைவி நோட்டுகளின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

அவளுக்கு மறைத்தாற்போல் நின்றுகொண்டு திருகைத் தளர்த்தினார்.

ரப்பருக்கு அடியில் தாள் வைத்து உயரம் கூட்டுவது வழக்கம். முடியளவு குறைந்தால் அச்சு மங்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அவர் வைத்தவை மூன்று தாள்கள். மூன்றும் சுவரொட்டிகள். மேலே 'காணவில்லை'. நடுவில் மகனின் முகம். கீழே அவருடைய போன் நம்பர்.

ஐந்நூறு அடித்தார். முதலாளியே நல்ல தாளாக எடுத்துக் கொடுத்தார். பஸ் நிலையம், ரயிலடி, சந்து பொந்து விடாமல் ஒட்டிவிட்டதாக மனைவியிடம் சொன்னார்.

ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

எதிர்த்துப் பேசிவிட்டுப் போனவன் பசித்தால் தானே வருவான் என்று வீம்பு. சுவரொட்டிக் கட்டை அப்படியே கழிவுத் தாளோடு தள்ளிவிட்டார். அன்று ரப்பர் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கைக்குக் கிடைத்த மூன்றை மட்டும் உருவி அடியில் வைத்தார்.

வீம்பு இறங்கியபோது ஒட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு முறை அடிக்கக் கேட்க வாயும் இல்லை.

சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "போன் ஏதாவது வந்துச்சா?"

"வரல" என்பார். அது மட்டும் பொய்யில்லை.

ஒரு மாதமாக அவள் கேட்பதில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைத்திருந்தார்.

ரப்பரைக் கழற்றிக் கீழே வைத்தார். உடனே தாள்களை எடுத்துச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும்.

முதல் தாள் வெள்ளையாக இருந்தது.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அதற்கும் அடியில் உருளையின் இரும்புதான் இருந்தது.

ஓரங்களைத் தடவினார். கூரான கத்தி ஒரே வெட்டாக வெட்டிய ஓரங்கள். ஒரு பிசிறு இல்லை.

மேஜையிலிருந்து தாளின் தடிமன் பார்க்கும் மைக்ரோமீட்டரை எடுத்து மூன்றையும் சேர்த்து வைத்துத் திருகினார். அளவு அதே கோட்டில் நின்றது. அவர் வைத்ததற்கு முடியளவும் கூடவில்லை, குறையவில்லை. அச்சில் ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான்.

வெட்டும் மெஷின் ஓய்ந்திருந்தது. எப்போது ஓய்ந்தது என்று அவர் கவனிக்கவில்லை.

"அளவு சரியா இருக்கா?" என்று கேட்டாள் அவள், திரும்பாமலே.