கரம் கிளப் அலுமாரி

"எரிச்சிருங்கக்கா. சாம்பலும் மிஞ்சப்படாது."

ஜெனிஸ்டன் பையைத் தையல் மெசின் மேல் பொத்தென்று வைத்தான். கரடியனாற்றில் கணக்குப் படிப்பிக்கும் வாத்தியார். வருகிற சனிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பைக்குள் இரண்டு சேலை, மூன்று பிளவுஸ், ஒரு பிடி வளையல், அவனுடைய பெரிய காலுக்கென்று கொழும்பில் தேடி எடுத்த குதி உயர்ந்த செருப்பு ஒரு சோடி. எல்லாம் அவன் உடுத்தியவை.

தையற்காரி ரெனி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"எரிக்கிறதெண்டா உங்கட வீட்டு முத்தத்தில எரிச்சிரிக்கலாமே. நான் என்ன இஞ்ச சுடலையா நடத்துறன்?"

"பகிடிய விடுங்க."

"பகிடி இல்ல மனே. அங்க பாருங்க."

எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காகப் பைகள். ஒவ்வொன்றின் வாயிலும் வேறு வேறு நிற நூல் கட்டியிருந்தது. பெயர் எழுதுகிற பழக்கம் அங்கே இல்லை.

"எல்லாம் கல்யாணத்துக்கு முதல் கிழமை வந்ததுகள். எல்லாரும் எரி எரி எண்டு நிண்டவங்கதான். அப்பா ஒண்டையும் எரிக்கல்ல. நானும் எரிக்கமாட்டன்."

அப்பா என்றால் மொறிஸ். மட்டக்களப்பு டவுனில் பேர்போன பறங்கித் தையற்காரர். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஐந்து ஆண்கள் தனித்தனியாக அவரிடம் பெண்கள் போடும் சட்டை தைக்க வந்தார்கள். ஐவரும் "மனிசிக்கு" என்றே சொன்னார்கள். ஐந்து மனைவிமாருக்கும் தோள் பதினெட்டு அங்குலம் இருந்ததை மொறிஸ் கவனித்தார். உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் இந்த ஆசை இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த அந்த ஐந்து பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஒரே மேசையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

அது சண்டைக் காலம். நாலு ஆண்கள் கூடினாலே ஏன் எதற்கு என்று ஆர்மி கேட்கும். மனுஷன் வாசலில் 'கரம் கிளப்' என்று பலகை மாட்டிவிட்டார்! அதை நம்பி ஏறாவூர் மீராசாஹிப் நானா கரம்போர்ட் போட்டிக்குக் கூப்பிட, போய் ஒரு காய்கூடக் குழியில் விழுத்தாமல் தோற்று வந்தார்கள். ஆனால் சண்டையும் சுனாமியும் ஊரை விழுங்கியபோதுகூட அந்தக் கூட்டம் கலையவில்லை. ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். மொறிஸுக்குப் பிறகு ரெனி நடத்துகிறாள்.

"டினுஷாக்குத் தெரியவே கூடாதுக்கா. அவ பாவம். நேர்ஸ் வேலையோட ஓடித்திரியிற பிள்ளை. அவவுக்கு ஒழுங்கான மாப்பிளை ஒண்டு வேணும்" என்றான் ஜெனிஸ்டன்.

"கிளப்புல ஒராள்ட கதை மற்றாள்ட காதுக்குப் போன சரித்திரம் இரிக்கா? அது அப்பா போட்ட சட்டம். அதக் காப்பாத்த நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

ரெனியின் குரலில் எரிச்சல் இருந்தது. தன்மேல்தான் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"நீங்களாப் போய்ச் சொல்லுங்க. சனிக்கிழமைக்கு முதல்."

"சொன்னா விட்டிட்டுப் போயிருவா. அவ இல்லாம நான் இரிக்கமாட்டன்க்கா!" கண் கலங்கிவிட்டது. "ஆசைய அடக்கிருவன். அவ்வளவுதான்."

"அப்பிடி அடக்கின ஆக்கள்ற பைதான் இதுகள். வந்ததில பாதிக்கு மேல திரும்பிப் போயிற்று."

"வெக்கம் கெட்டவனுகள். மறுகா வந்து எடுத்துட்டானுகளா?"

"அவனுகள் ஒருத்தனும் வரல்ல. பொஞ்சாதிமார்தான் வந்தாங்க. புரிசன் வாயத் திறந்து சொல்லியிரிக்கான், அவ வந்து பையத் தூக்கிட்டுப் போனா. ஒருத்தி, பிளவுசில கை இறுக்கம், அவருக்கு நோகும் எண்டு என்னோட சண்டையும் பிடிச்சா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டான்.

"எல்லாப் பொம்பிளையும் அப்பிடி இல்லத்தானே?"

"இல்லத்தான். விட்டிட்டுப் போனவங்களும் இரிக்காங்க. பொய் சொல்லமாட்டன்."

"அப்ப ஏன் நான் போய் வாயத் திறக்கோணும்?"

"ஆராவது ஒராள் திறக்கோணுமே மனே!"

ரெனி கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவளை அப்படி அவன் ஒருநாளும் கண்டதில்லை. கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு போனை எடுத்தான்.

"டினு, டியூட்டி முடிஞ்சதும் கல்லடிப் பாலத்தடிக்கு வாறீங்களா? உங்களோட ஒரு கதை இரிக்கு... இல்ல, ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லல்ல... ஏன் அழுறீங்க? நான்தான் சொல்லப் போறன். வாங்க."

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "என்ன நடந்தாலும் வந்து சொல்றன்க்கா" என்று மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

சத்தம் தெருமுனையில் மறையும்வரை ரெனி வாசலில் நின்றாள். "கர்த்தரே, ஒராள் வாயத் திறந்திட்டான்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்து, "எரிச்சிருங்கக்கா, ஜெனிஸ்டனுக்குத் தெரியவே கூடாது" என்று காலையில் டினுஷா அழுது கொடுத்துவிட்டுப் போன பையை மேசைக்கடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். அதற்குள் ஒரு ஆம்பிளைக் கோட்டும், கழுத்துப்பட்டியும், ஒட்டுமீசையும் இருந்தன.