எதிர்வீட்டு நாக்கு

“உங்கட மனுசன் எனக்கு நாக்கை நீட்டுறார்.”

வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி எதிர்வீட்டு சிவசம்பு சொன்னதைக் கேட்டு, கூட்டிக்கொண்டிருந்த யோகேஸ்வரியின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

சிவசம்பு ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். மனைவி தவமணிதேவி இறந்த பிறகு அவர் கதவைத் திறப்பதே அபூர்வம். மலேசியாவில், மாசாய் நகரின் அந்த வரிசை வீடுகளில் யாரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவர் வாயைத் திறந்த முதல் நாளே இப்படியா?

“ஐயா, அது வந்து… அவருக்கு வியாதி.”

“மரியாதை இல்லாதது வியாதியோ?”

“ஐயோ, கழுத்து வியாதிங்க ஐயா!”

சிவசம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்து நோவுக்கு நாக்கை ஏன் நீட்டவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

யோகேஸ்வரி மூச்சுவிடாமல் விளக்கினாள். கணவன் கனகராஜ் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பிடரியில் ஏதோ பிசகிவிட்டது. சட்டென்று திரும்பினால் கத்தியைச் செருகியது மாதிரி வலி. கூடவே நாக்கில் ஒரு பாதி மரத்துப்போகும். அந்த நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டால் ‘யோதேத்வதி’ என்று வரும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முதல் தடவை அவளே அவனை வாசலில் நிறுத்திவிட்டாள்.

“கழுத்து நரம்புக்கும் நாக்குக்கும் கனெக்‌ஷன் இருக்காம் ஐயா. ஆஸ்பத்திரியில பிசியோ விஜிதா மிஸ்தான், தாடையை உள்ள இழுத்து நாக்கை நீட்டி நீட்டி மடக்கச் சொன்னாங்க.”

“அதுக்கு என்ர முகந்தான் கிடைச்சுதோ? அங்கால திரும்பி நிண்டு செய்யலாம்தானே?”

“திரும்பத்தானே ஐயா முடியல!”

“ம்க்கும்!” என்று கனைத்துவிட்டு சிவசம்பு விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் காலை. கனகராஜ் வாசலில் நின்று நாக்கை நீட்டினான்.

எதிர்க்கதவு படாரென்று திறந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக சிவசம்பு வெளியே வந்தார். நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு தன் நாக்கை நீட்டினார்.

கனகராஜுடையதைவிட அது நீளம்.

“அலாமாக்!” என்று திகைத்தாள் யோகேஸ்வரி.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. இவன் நாக்கால் மூக்கைத் தொடப் பார்த்தால் அவரும் பார்த்தார். இவன் கன்னத்தை உப்பினால் அவர் பலூன் மாதிரி உப்பினார். பக்கத்து வீட்டு ராசம்மா கோப்பிக் குவளையும் நாற்காலியுமாக வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“இன்னிக்கு ஐயாதான் வின் பண்ணாரு லா!” என்று தீர்ப்பும் சொல்வாள்.

யோகேஸ்வரிக்குத்தான் மானம் போயிற்று. படித்த பெரிய மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி மல்லுக்கு நிற்கிறாரே!

இரண்டு மாதம் கழித்து ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். கனகராஜின் கழுத்து இரண்டு பக்கமும் ஜோராகத் திரும்பியது.

“நல்லாயிடுச்சு அண்ணே,” என்றாள் விஜிதா.

“அப்ப இனிமே நாக்கு நீட்ட வேணாமா மிஸ்?” யோகேஸ்வரி ஆவலாகக் கேட்டாள்.

“அதை நான் போன மாசமே நிப்பாட்டச் சொல்லிட்டேனேக்கா!”

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடியே அவன் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

“வயசானவருக்குச் சும்மாவே பழிப்புக் காட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க! வெக்கமா இல்ல?”

கனகராஜ் வண்டியை ஓரங்கட்டினான்.

“யோகே, அந்தம்மா போனதுலேருந்து மனுசன் வெளிய வந்து பாத்திருக்கியா? இப்ப எனக்குப் பதிலடி குடுக்கணும்னே விடிகாலையில குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்து நிக்கிறாரு. நான் நிப்பாட்டுனா மறுபடியும் கதவைச் சாத்திக்குவாரு லா.”

கிள்ளிய இடத்தை அவளே தடவிக் கொடுத்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாவம், அந்தப் பெரியவர், இவன் தன்னை அவமானப்படுத்துவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருப்பார்? சாயங்காலம் ஒரு தட்டில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தைச் சூடாக எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, அவர் மேல கோவமா இருக்காதீங்க…”

“எனக்கென்ன கோவம், பிள்ளை? நீங்கள் விளங்கப்படுத்தின அண்டைக்கே எல்லாம் விளங்கிட்டுது.”

“அப்புறம் ஏன் ஐயா நீங்களும் தினமும்…?”

சிவசம்பு எட்டி எதிர்வீட்டைப் பார்த்தார். கனகராஜ் கண்ணில் படவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“விடிய எழும்பிக் குளிக்கிறதெண்டாலே எனக்குப் பெரிய கரைச்சல், பிள்ளை. ஆனா சனம் பாக்கத் தனிய நிண்டு நாக்கை நீட்ட அந்தப் பொடியன் வெக்கப்படுவான். நான் ஒருநாள் வராட்டிலும் பயிற்சியை விட்டுப்போடுவான். அவனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, முதல்ல அவன்ர கழுத்து சுகமாகட்டும்!”